தம்பி தந்த தாள்கள்

என் தம்பி வேலை செய்யாமல் விளையாடுகிறான் என்றுதான் வீட்டில் நம்பினோம். சிறுநீரக நோயால் கடலுக்குப் போவதை நிறுத்திய பின், பாம்பன் வீட்டில் பழைய வீடியோ கேம் பெட்டியும் கணினியுமாக அமர்ந்திருப்பான்.

"ஏலே, முப்பது வயசுலயும் விளையாட்டா?" என்பார் அம்மா.

"விளையாடலம்மா. இந்தப் பெட்டிக்குப் புதுசா கேம் எழுதுறவங்களுக்கு ஒரு புரோகிராம் செய்யிறேன். யாரும் சும்மா எடுத்துக்கலாம்."

"சும்மா குடுக்கவா இம்புட்டுப் பாடு?"

நானும் சிரித்தேன். அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் குறிப்பைத் தாள்களில் அச்செடுத்துத் தந்து, பிழை திருத்தித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தான். எத்தனையோ புத்தகங்கள் படித்தவள், அதை மட்டும் படிக்கவில்லை.

அவன் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், வழக்கப்படி அவன் பொருள்களை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். உப்புக்காற்றில் துருவேறிய கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு நானே அனுப்பினேன்.

மறுவாரம், அவன் புரோகிராமைப் பயன்படுத்தும் ஒருவர் ஏர்வாடியிலிருந்து வந்தார்.

"அக்கா, கடைசியா செஞ்ச திருத்தத்த அண்ணே எங்களுக்கு அனுப்பல. அவரு கம்ப்யூட்டர்லதான் இருக்கும்."

இருவரும் கடைக்கு விரைந்தோம். அதை உடைத்துவிட்டிருந்தார்கள். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

"முன்னாடி குடுத்தது எங்க எல்லார்ட்டயும் இருக்குக்கா. மிச்சத்த நாங்க செஞ்சு பாக்குறோம்."

அந்தத் தாள்களை இப்போதுதான் படிக்கிறேன். சந்தேகம் கேட்க அவன் இல்லை. வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.