ஹோல்ராய்டு குடும்பத்தை அம்மா தேடிக் கண்டடைந்த வரலாறு

எங்கள் அம்மாவைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டு இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அம்மாவோடு மில்லில் வேலை பார்த்தவர்களும் சபையாரும் உறவினரும் கூடியிருக்கும் இந்நாளில், அம்மாவின் இளைய மகளாகிய நான் இதை எழுதுகிறேன். அம்மா செய்து முடித்த காரியங்கள் பல. அவற்றில் எதைத் தம் பெரிய வெற்றியாக நினைத்தார்களோ, அதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அம்மா பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்காவுக்குப் பத்து வயதும் எனக்கு ஆறு வயதும் ஆனபோது அப்பா காலமானார்கள். அடுத்த மாதமே அம்மா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் தினமும் பஸ் ஏறிப் போய், நின்றபடியே வேலை பார்த்து, எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள்.

அம்மாவின் தாத்தா ஓர் இங்கிலாந்துக்காரர். துரை அல்ல, நூற்பாலைத் தொழிலாளி. எந்திரங்கள் பூட்டும் பிட்டராக நம் பக்கம் வந்து, மகாராஜபுரத்துப் பெண் ஒருவரோடு வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானவர். அதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது. அவருடைய குடும்பப் பெயர் வாய்க்கு வாய் மாறி, அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் 'ஓல்ராஜ்' என்று பதிவாகியிருந்தது. மில்லில் சேரப் போன அன்று டைம் ஆபீசில் இருந்த கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, அவ்வூர் ராஜுக்கள் சாதியோ என்று நினைத்து, "மீரு ராஜுலா?" என்று தெலுங்கில் கேட்டாராம். "இல்ல சார், வெள்ளக்காரன் வழி" என்றார்களாம் அம்மா. கேட்டவர் நம்பவில்லை. ஆபீஸ் முழுக்கச் சிரித்ததாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடியும் தறுவாயில், மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "வெள்ளக்காரன் தாலி கட்டாம வச்சிருந்தவ வம்சத்துலயா பொண்ணெடுக்கணும்?" என்றார். கையில் காப்பித் தட்டோடு அக்கா நின்றிருந்தாள். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நீ இங்கிலீசு நல்லா எழுதுவல்லா? சாயங்காலம் எனக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

"யாருக்கும்மா?"

"எங்க தாத்தா ஊருக்கு."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. செங்கல் வீட்டு வாசலில் தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. தலைமகன்தான் அம்மாவின் தாத்தா. அட்டையின் அடியில் ஸ்டுடியோ பெயரும் இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஒரு மில் ஊரின் பெயரும் அச்சாகியிருந்தன. அந்த ஊர்த் தேவாலய ஆயருக்கு ஏரோகிராம் எழுதினோம். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "நாங்க ஒங்ககிட்ட எதுவும் கேட்டு வரல. எங்க தாத்தா யாரு, என்னன்னு மட்டும் சொன்னாப் போதும்னு எழுது" என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. ஓல்ராஜ் என்ற பெயரில் அந்த ஊரில் எந்தக் குடும்பமும் இருந்ததில்லையாம். அம்மா சோர்ந்து போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "பேரே பொய்யாப் போச்சே" என்றார்கள்.

ஆனாலும் விடவில்லை. 'ஆத்தங்கரைக் கோயிலில்தான் கல்யாணம்' என்று தம் அப்பா சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்டதாக அம்மா சொல்வதுண்டு. அது தாமிரபரணியாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்தார்கள். வார லீவு தோறும் சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, ஆற்றோரப் பழைய கோயில்கள் ஒவ்வொன்றிலும் விவாகப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். "அம்புட்டுப் பழசெல்லாம் கரையான் தின்னிருக்கும், போங்கம்மா" என்று ஓரிடத்தில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கதவைக்கூடத் திறக்கவில்லை. நான்கு கோயில்களில் ஒன்றுமில்லை.

ஐந்தாவது கோயிலுக்கு நானும் கூடப் போனேன். வயதான ஆயர் ஒருவர் பீரோவைத் திறந்து, தோல் அட்டை போட்ட பெரிய ஏடுகளை மேசையில் இறக்கி வைத்தார். பக்கம் பக்கமாக விரலோட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தொழில் பிட்டர். தேசம் இங்கிலாந்து. மணமகள் ஊர் மகாராஜபுரம். இதாம்மா?"

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். "ஐயா, இன்னொரு தடவ வாசிங்க."

அவர் மூன்று தடவை வாசித்தார். பாட்டி வைத்த கைநாட்டுக்குப் பக்கத்தில் தாத்தா தம் கையாலேயே போட்ட கையெழுத்து இருந்தது. அதில்தான் எங்கள் பெயரை முதல்முறையாக முழுசாகப் பார்த்தோம்: ஹோல்ராய்டு. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அழுதார்கள். ஊருக்கு வந்ததும் நேரே கறிக்கடைக்குப் போய்க் கறி வாங்கினார்கள். அன்று பண்டிகையும் இல்லை, விருந்தாளியும் இல்லை.

செய்தி பரவியதும் பழைய மாப்பிள்ளை வீட்டார் மறுபடி ஆள் அனுப்பினார்கள். அம்மா வந்தவரை உட்காரவைத்து, "கட்டிக்கிடப் போறவ அவ. அவகிட்டயே கேளுங்க" என்றார்கள். அக்கா, "வேண்டாம்" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். வம்சம் விசாரிக்காமல் வந்த சேத்தூர் அத்தானைத்தான் பிற்பாடு மணந்தாள்.

சரியான எழுத்தோடு இங்கிலாந்துக்கு மறுபடி எழுதினோம். இம்முறை ஆறு பக்கம் பதில் வந்தது. தகப்பனும் தாயும் பிள்ளைகளும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். அந்த மில்லை மூடியதும் பிழைப்புத் தேடிப் பிரிந்திருக்கிறார்கள். மூத்தவர் இந்தியாவுக்கு, ஒரு தம்பி கனடாவுக்கு, கடைசித் தங்கை கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு. எங்கள் கடிதத்தை அந்த இங்கிலாந்து ஆயர் தம் சபைப் பத்திரிகையில் போட, அது கை மாறிக் கை மாறி அந்தத் தங்கையின் பேத்தி கண்ணில் பட்டது. அவர் எங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தோடு ஒரு ஜெராக்ஸும் இருந்தது. தாத்தா தம் தாய்க்கு எழுதிய கடிதம் அது. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

'அம்மா, நான் இங்கே சபையார் முன்பாகக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் நல்லவள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரிகிறது, என் பேச்சில் ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரிக்கிறோம். நான் திரும்பி வருவேன் என்று காத்திருக்க வேண்டாம்.'

"பாத்தியா, எங்க ஆச்சியச் சிரிக்க வச்சிருக்காவ" என்று சொல்லி அம்மாவும் சிரித்தார்கள்.

தொண்ணூறுகளில், கடிதம் எழுதிய அந்தப் பேத்தி அம்மையார் எங்களைப் பார்க்க நேரில் வந்தார். அவரை வரவேற்கத் தெருவே திரண்டது. அம்மாவும் அவரும் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"அவிய என்ன வேல பாத்தாவன்னு கேளு" என்றார்கள் அம்மா.

கேட்டேன். "கம்பளி மில்லில் முப்பது வருடம், நூல் சுற்றும் பிரிவு" என்றார் அவர். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா எழுந்து தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, இரண்டாக அறுத்து அவரிடம் நீட்டினார்கள். அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார்கள். "கெட்டி!" என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அம்மாவுக்கு இருதயக் கோளாறு கண்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களிலும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் இந்த வரலாற்றை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமைதியாகவே கண்மூடினார்கள்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், பீரோவைத் திறந்து காட்டிய ஆயர் ஐயாவுக்கும், ஒவ்வொரு வேளையும் சாப்பாடு கொண்டுவந்த அத்தானுக்கும், கடல் தாண்டி இரங்கற் கடிதம் அனுப்பிய உறவினருக்கும் எங்கள் நன்றி. அடக்க நாளில், ஷிப்ட் முடிந்து சேலைமேல் போட்ட மில் சட்டையோடு அப்படியே வந்த வைண்டிங் பிரிவுத் தோழியருக்குச் சொல்லும் நன்றி தனி. பெட்டியைத் தூக்க ஆண்கள் முன்னே வந்தபோது, "செத்த நேரம் தள்ளுங்கண்ணே, எங்க ஆளை நாங்க தூக்குதோம்" என்று ஆறு பேர் தோள் கொடுத்தீர்கள். வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றாமல் நடந்தீர்கள். எங்கள் அம்மா அப்படித்தான் போனார்கள்.