ஒன்பது முந்திரி மரங்கள்

மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் கொளஞ்சியம்மாளுக்குச் சொந்தமென்று இருந்தவை முப்பது முந்திரி மரங்கள். புருஷன் செத்த பிறகு அந்தத் தோப்பை வைத்துத்தான் மகள் சங்கீதாவை நர்சிங் படிக்க வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மரத்தடியில் பிசினும் மரத்தூளும் கொட்டிக் கிடந்தன. பட்டையைக் கொத்திப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு நெளிந்தது. மரத்தைக் குடைகிற வண்டின் புழு. தோட்டக்கலை ஆபீஸுக்கு நான்கு முறை போனாள். "போட்டோ எடுத்து அனுப்பும்மா, வந்து பாக்கறேன்" என்றார் அதிகாரி புருஷோத்தமன். அனுப்பினாள். அவர் வரவில்லை.

இந்தப் புரட்டாசிக் கடைசியில் அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுக்கக் கேமராவும் கையுமாக ஐந்தாறு பேர். தோப்போரத்துக் கிலுகிலுப்பைச் செடிகளில் நீலப் புள்ளி வைத்த கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன.

"மேற்கு மலைக்குப் போற வழியில இங்க தங்குதுங்க. இந்தச் செடிய வெட்டிடாதீங்கம்மா" என்றாள் வந்தவர்களில் ஒருத்தியான சத்யப்ரியா.

கொளஞ்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய், பட்டுப்போன ஒரு மரத்தின் அடியைக் கோடாலியால் பிளந்தாள். கை நிறையப் புழுவை அள்ளி வந்து ஜீப்பின் பானட்டில் கொட்டினாள்.

"அது ரெண்டு நாள் இருந்துட்டுக் கெளம்பிடும். இது எங்கயும் போவாது சார். என் மரத்துக்குள்ளயே தின்னு வளந்து, வண்டாயி, அடுத்த மரத்துல முட்டை வைக்குது. பாக்க அழகா இல்லைன்னுதான் நீங்க வரலையா?"

"வேற டியூட்டி இருந்துச்சும்மா."

"நாலு தடவ வந்தேன். அப்ப ஒரு மரம். இப்ப எத்தினின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சத்யப்ரியா கேமராவை இறக்கினாள். "போய்ப் பாருங்க சார்" என்றாள்.

புருஷோத்தமன் மரம் மரமாகப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்பது தேறாது, வேரோடு எடுத்து எரிக்காவிட்டால் மற்றதும் போய்விடும் என்றார். அதைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

மறுநாள் உப்பளத்து ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். சங்கீதா லீவு போட்டு வந்தாள்.

"அழாதம்மா."

"யாரு அழறா? அந்த வேரை இழு."

மீதி இருபத்தொரு மரங்களையும் வாராவாரம் அவளே உளியும், புழுவைக் கொக்கி போட்டு இழுக்க வளைத்த கம்பியுமாகச் சோதிக்கிறாள். புருஷோத்தமன் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். தோப்புக்குள் விடுகிறாள். உட்காரச் சொல்வதில்லை.