லோரியில் தொங்கிய விதை மிளகாய்

டுரியான் துங்கால் அணைக்கட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஆய்வுத் தோட்டத்தில் எனக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. செடிகளோடு இருந்தால் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதற்காகவே பத்து பெரண்டாம் என்ற ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

அந்த வருடம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, மிளகாய்ச் செடிகளைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேண்டுமென்றே வெக்கையில் வாட்டினாள். நோய் பரப்பும் வெள்ளை ஈக்களையும் உள்ளே விட்டாள். வெயிலையும் இலைச்சுருட்டு நோயையும் சேர்த்துத் தாங்கும் செடி எது என்று பார்க்க வேண்டுமாம். எல்லாம் சுருண்டுபோயின. மூலையில் இருந்த ஒரே ஒரு செடி மட்டும் பூத்துக் காய்த்தது.

"அண்ணே, இது நல்லா பழுக்கட்டும். இந்த வெதைய மறுபடி போட்டுப் பாத்தாதான் என் படிப்பு முடியும்" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் செடியில் ஒரு பழம்கூட இல்லை.

களை எடுக்கும் அக்காவைக் கேட்டோம். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"காலையில மண்ணு கொட்ட வந்த அண்ணன் புது லோரி வாங்கியிருக்காரு. என்கிட்ட எலுமிச்ச இருந்துச்சு, மிளகா இல்ல. இதுதான் செவசெவன்னு அழகா இருந்துச்சு. கோத்து லோரியில கட்டிட்டேன்."

மாணவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ பாப்பா! வெதைக்குன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா லா!"

லோரிக்கார அண்ணன் புக்கிட் ரம்பாயில் பசியாறப் போவதாகச் சொன்னாராம். என் பழைய காரில் மூவரும் பறந்தோம். சாப்பாட்டுக்கடை வாசலில் புது லோரி நின்றது. முன்னால் மிளகாய்கள் பளபளவென்று ஆடின.

கேட்காமல் அவிழ்க்க முடியாது. மாணவிக்கு அவரைத் தெரியாது. கட்டிவிட்டதைத் திருப்பிக் கேட்க அக்காவுக்குக் கூச்சம். நான்தான் உள்ளே போனேன். கடை நிறையக் கூட்டம். சன்னமாகக் கூப்பிடத்தான் நினைத்தேன்.

"லோரி அண்ணே, மிளகாயக் குடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் தோசைக் கையோடு வெளியே வந்தார். மாணவி சொன்னதைக் கேட்டார்.

"திருஷ்டிக்குக் கட்டுனத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? ஊரு கண்ணெல்லாம் அதுல எறங்கியிருக்கும். அத வெதச்சா வெளங்குமா?"

"அந்த வெயிலையே தாங்குன செடிண்ணே. ஊரு கண்ணு என்ன பண்ணிரும்?" என்றாள் மாணவி.

அவர் சிரித்துவிட்டார். "சரி, எடுத்துக்கம்மா. ஆனா என் லோரி வெறும் மூஞ்சியோட போவாது."

அதற்குள் கடைக்கார பாய் அடுப்படியிலிருந்து ஒரு பிடி பச்சைமிளகாயோடு வந்தார். "இந்தாங்க. அப்புறம் என் கண்ணுதான் பட்டுச்சுன்னு சொல்லிறாதீங்க." அக்கா அங்கேயே நின்று புதிதாகக் கோத்துக் கட்டினார். நல்லவேளை, பழங்களைக் காம்பில்தான் கோத்திருந்தார். விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விதைத்தோம். முளைத்தன. அதே கூடாரம், அதே வெக்கை, அதே ஈக்கள். பக்கத்து வரிசைகள் சுருண்டபோதும் இந்த வரிசை மட்டும் இலை விரித்து நின்று காய்த்தது. மாணவி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மறுநாள் கூடார வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. மாணவி திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"மொறைக்காத பாப்பா. பசார்ல காசு குடுத்து வாங்குனது லா!"