அப்பாவும் வரட்டும்

பரீட்சை அன்றைக்கு மட்டும் அந்தப் பெண்ணுக்கு வயிறு வலிக்கும். பதினொன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. பத்தாவது வரை தமிழ் வழியில் நன்றாகப் படித்தவள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். பள்ளியின் மனநல ஆலோசகரான என்னிடம் அனுப்பினார்கள்.

பல நாள் பேசிய பிறகுதான் வாய் திறந்தாள். “கிளாஸ்ல ஒண்ணுமே புரியல மிஸ். தமிழ் மீடியத்துக்கு மாறிடலாம்னு தோணுது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்” என்றேன். யோசித்து யோசித்து, ஒரு நாள் சரி என்றாள்.

பெற்றோர் இருவரையும் வரச் சொன்னேன். அம்மா மட்டும் உடனே வந்தார். “அவரு இதுக்கெல்லாம் வரமாட்டாருங்க. எங்கிட்டயே சொல்லுங்க.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுபவர். எப்போது போன் செய்தாலும், “சவாரில இருக்கேன் மேடம்” என்று வைத்துவிடுவார். ஒரு நாள் மதியம் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவருடைய ஆட்டோவிலேயே ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் நான் யார் என்று சொன்னேன். வண்டியை ஓரங்கட்டினார். “என்னா தப்பு பண்ணா?”

“தப்பு எதுவும் பண்ணல. உங்ககிட்ட பேச பயப்படறா.”

வண்டியைப் பள்ளியை நோக்கித் திருப்பினார்.

என் அறையில் அம்மாவும் அப்பாவும் எதிரில் இருக்க, மகள் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். நடுவில் அவர் பேச வாயெடுத்தபோதெல்லாம் கையமர்த்தினேன்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“எம்பொண்ணு இங்கிலீஷ் மீடியம்னு ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தியேப்பா. எப்படிச் சொல்றது?”

அம்மா மெல்லச் சொன்னார். “எனக்கும் தெரியும்ங்க. உங்களுக்குப் பயந்துதான் சொல்லல.”

அவர் மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் அப்பிடியா இருக்கேன்?” என்றார். காக்கிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “மாத்தறதுக்கு யாரப் பாக்கணும் மேடம்?”

வருடத்தின் நடுவில் மாற்றத் தலைமையாசிரியை தயங்கினார். “அவளுக்குப் புரிஞ்சா போதும்மா” என்று அப்பா அங்கேயே நின்றார். அனுமதி கிடைத்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அரையாண்டில் இயற்பியலில் தேறவில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைத் தானே அப்பாவிடம் காட்டினாள். சாயங்காலம் அவள் படிக்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்துகொள்கிறாராம். ஒன்றும் புரியாவிட்டாலும் உட்கார்ந்திருக்கிறாராம். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். ஒரு பரீட்சையைக்கூட விடவில்லை.

வர நேரமில்லை என்னும் பெற்றோரை நானே தேடிப் போய்விடுகிறேன். போன பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், இன்னொரு மாணவியின் அப்பாவுடைய பழக்கடை முன்னால் நின்றேன். “வியாபார நேரம் மேடம், அப்பறம் வரேன்” என்றார் கடைக்காரர்.

“கூட்டம் கம்மியாவட்டும், நிக்கறேன்” என்றேன்.