சுலோசனாவும் ஹஸ்மோனிய அரசர்களும்

லேக் கார்டன்ஸ் பகுதியில் இருந்த பழைய வீட்டில் மேல்மாடியில் சுலோசனா, கீழே தம்பி ராகவ். இருவருக்கும் வேறு சொந்தமில்லை. ஆனாலும் அம்மா காலமான பிறகு, வீடு யாருக்கு என்ற தகராறில் பேச்சு நின்றுபோனது. படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடைசியில் சுலோசனா, பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் ஒரு ப்ரமோட்டரை ரகசியமாகப் போய்ப் பார்த்தாள். "நான் உங்க பக்கம் தீதி, கவலைப்படாதீங்க" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார் அவர்.

அவள் கல்லூரியில் சரித்திரம் நடத்துபவள். அந்த வாரம் யூதர்களின் ஹஸ்மோனிய வம்சம். சாதாரணப் பூசாரிக் குடும்பம் ஒன்று கிரேக்க மன்னனை எதிர்த்துக் கிளம்பியதையும், சகோதரர்கள் ஜெருசலேம் கோயிலை மீட்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராக உயிரைக் கொடுத்ததையும், அந்தக் குடும்பமே அரியணை ஏறியதையும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பிறகு அந்த வம்சத்துச் சலோமி ராணி நன்றாக ஆண்டாள். அவள் இறந்ததும் பிள்ளைகள் ஹிர்க்கானஸும் அரிஸ்டோபுலஸும் அரியணைக்காக அடித்துக்கொண்டார்கள். இருவருமே ரோமானியத் தளபதியிடம் நியாயம் கேட்டுப் போனார்கள். அவன் படையோடு வந்தான். நாடு ரோமின் கைக்குப் போய்விட்டது."

முன்வரிசையில் இருந்த மாணவி சுப்ரியா கேட்டாள்: "ரெண்டு பேருமா மேடம்? அவங்களுக்குள்ளயே பேசிப் பார்க்கலையா?"

சுலோசனா புத்தகத்தை மூடி வைத்தாள். அன்று பாடம் அதற்குமேல் ஓடவில்லை.

சாயங்காலம் நேரே கீழ்த்தளத்தில் தம்பியின் கதவைத் தட்டினாள்.

"ராகவ், நான் ப்ரமோட்டரைப் பார்த்துட்டு வந்தேண்டா."

"நானும்தான்க்கா. நீ வந்ததை மறைச்சு, 'நான் உங்க பக்கம்'னு எங்கிட்டயும் சொன்னார்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு அழுகையும் வந்தது. அப்போதே போன் போட்டு, வீட்டை இடிப்பதாக இல்லை என்று ராகவ் சொல்லிவிட்டான். மழைக்கு ஒழுகிய மொட்டைமாடியைச் சேர்ந்து பழுதுபார்த்தார்கள்.

படிப்பு முடிந்து விடைபெற வீட்டுக்கு வந்த சுப்ரியாவின் கைகளைச் சுலோசனா பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ ஒரு கேள்வி கேட்டியேம்மா. அதுக்கு நான் உனக்கு நன்றியே சொல்லலை."

"எந்தக் கேள்வி மேடம்?" என்றாள் சுப்ரியா. அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை.

"பரவாயில்லை, உட்காரு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு, கீழே குரல் கொடுத்து ராகவையும் சாப்பிட அழைத்தாள் சுலோசனா.