காயாத ஸ்வெட்டர்

காலையில் எழுப்பப் போனபோது மகளின் தலையணை நனைந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, தூக்கத்தில் எச்சில் வடித்திருப்பாள் என்று நினைத்தேன். தொட்டால் உடம்பெல்லாம் வேர்வை. எங்கள் கவுஞ்சி மலைக் குளிரில் யாருக்கு வேர்க்கும்? உடனே அவள் அப்பா ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தார்.

ஜீப்பில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாவை (கருவிழியின் நடுவிலுள்ள துளை) கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து குடித்தாளா என்று கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. மருந்தெல்லாம் தோட்டத்து ஷெட்டில் பூட்டிக் கிடக்கிறது என்றேன்.

அட்ரோபின் (இந்த விஷத்தின் வேகத்தை அடக்கும் ஊசி) போட்டார்கள். சோப்புப் போட்டுத் துடைத்து வேறு உடுப்பு மாட்டினார்கள். மத்தியானம் கண் திறந்து, குளிருகிறது என்றாள். பைக்குள் அவள் அப்பாவின் ஸ்வெட்டர் இருந்தது. தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவாள். நானே எடுத்துப் போர்த்திவிட்டு, பிள்ளை பிழைத்தது என்று சாமியைக் கும்பிட்டேன்.

சாயங்காலம் மறுபடி எச்சில் ஒழுகியது. மூச்சு கரகரத்தது. ஓடிவந்த டாக்டரம்மா ஸ்வெட்டரை உருவியெடுத்து முகர்ந்தார்.

"இது யாருதும்மா?"

"அவரோடதுங்க. மருந்தடிக்கப் போறப்ப போட்டுக்குவாருங்க."

"துவைக்கிறதில்லையா?"

"கம்பளிங்க. இந்தப் பனியில காயாதுங்க. அடுப்புக்கு மேல தொங்கவிட்டு எடுத்துக்குவோம்."

முந்தின நாள் கேரட்டுக்கு மருந்தடித்தபோது தோளில் மாட்டிய மருந்து டேங்க் ஒழுகி அவர் முதுகெல்லாம் நனைந்திருந்தது. தலைவலி என்றார். குளிர் என்று விட்டுவிட்டோம். விஷம் வாய்வழியாக மட்டுமல்ல, தோல்வழியாகவும் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அவள் அப்பா கட்டிலைவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

பிள்ளை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். மருந்தடித்த துணி வீட்டுக்குள் வரவே கூடாது. அதற்குத் தனி வாளி, தனிக் கொடி. குளிக்காமல் யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் உடுப்பைக் கழற்றிக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஷெட்டைப் பூட்டினால் போதும் என்று இருந்த முட்டாள் நான்.

மறுபடி ஊசி போட்டுப் பிள்ளை தேறி, எட்டாம் நாள் வீடு திரும்பினோம். பயிர் காத்திருக்குமா, அவர் இன்னமும் மருந்தடிக்கத்தான் போகிறார். எனக்கு வாரத்தில் கிழமைகள் இல்லை. மருந்தடிக்கும் நாள், மற்ற நாள், அவ்வளவுதான். மருந்தடிக்கும் நாளில் என் உள்ளங்கை வேர்க்கும். பயத்தாலா, மருந்தாலா என்று தெரியாது.

அவர் வெளியிலேயே குளித்துவிட்டு வருவார். மகள் நிலைப்படியிலேயே நிற்பாள்.

"இப்ப அப்பாகிட்ட போலாமாம்மா?"

அவர் கையை வாங்கி முகர்ந்து பார்ப்பேன். ஒரு வாடையும் இருக்காது. அப்படியும், போ என்று சொல்ல எனக்கு வாய் வராது.