அக்காவின் அடுப்பு

கல்லூரியில் அவளை எல்லாரும் ‘முட்டை’ என்றே கூப்பிட்டார்கள். மதியம் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடும்போது, அவள் டப்பாவைத் திறந்து அவித்த முட்டையும் வேகவைத்த பயறும் சாப்பிடுவாள். சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், மலிவாகத் தள்ளிவிடுகிற கீரையையும் கேரட்டையும் அள்ளி வருவாள். விடிந்ததும் மைதானத்தில் ஓட்டம். காய்ச்சல் என்று படுத்ததே இல்லை. அதில் தலைக்கனமும் நிறைய.

விடுதிக்குக் கட்ட வழியில்லாமல் அக்காவின் ஒற்றை அறை வீட்டில் தங்கியிருந்தாள். அக்கா ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். சம்பளம் சொற்பம். புரோட்டீன் மாவு டப்பா விற்றால் வரும் கமிஷனில்தான் வீடும் ஓடியது, தங்கையின் படிப்பும் ஓடியது.

ஒரு மாலை அக்காவோடு சேர்ந்து வீடு திரும்பலாம் என்று தங்கை அந்தக் கூடத்துக்குப் போனாள். புதிதாகச் சேர வந்த ஒரு பெண் மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“உடம்பை நல்லா வெச்சிருக்கீங்களே, இதைத்தான் குடிக்கிறீங்களா?”

ஆமாம் என்று சொல்லும்படி அக்கா கண்ஜாடை காட்டினாள். தங்கை பார்க்காததுபோல் சொன்னாள்: “இதைத் தொட்டதே இல்லைங்க. முட்டை, பயறு, ஓட்டம். இந்தக் காசுக்கு மாசம் பூரா வயிறார சாப்பிடலாம்.”

அந்தப் பெண் டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மறுநாளே விற்பனையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது தங்கை சாவகாசமாக அடுப்பில் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

“என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, என் அடுப்புலயே முட்டை அவிக்கிறியா?”

“நீ பொய் சொல்லி விப்பே, நான் தலையாட்டணுமா?”

“உன் ஃபீஸ் கட்டினப்போ அது பொய்யா தெரியலையா?”

“ஊருக்கே உடம்பைப் பத்திப் பாடம் எடுக்கிறே. நீ சாப்பிடறது டீயும் பிஸ்கெட்டும். கண்ணாடியில பாரு உன் மூஞ்சியை!”

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவளுக்குச் சமைக்க நேரம் எங்கே? அக்காவின் முகம் சுண்டிப்போனது. பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். முட்டைகள் கட்டிலுக்கடியில் உருண்டன.

“வெளியே போ.”

போனாள். கூடப் படிக்கிறவளின் அறையில் ஒண்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்காரம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: “சமையல் கிமையல்னு பேச்சே கூடாது. வெந்நீர்கூட வைக்கக் கூடாது.”

பன்னும் டீயுமாக நாள் போனது. ஓட்டத்தை மட்டும் வீம்புக்கு விடவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒரு காலை மைதானத்து வளைவிலேயே சுருண்டு விழுந்தாள். கல்லூரி மருத்துவர் ரத்தம் குறைவு என்றார். தோழி அக்காவுக்குப் போன் செய்தாள்.

அக்கா வேலை உடுப்போடு தோழியின் அறைக்கே வந்து நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“எங்கடி போச்சு உன் முட்டை?”

“அடுப்பு இல்லை.”

“அன்னைக்கு இருந்த அடுப்பு யாருது? வாடகை கட்டினது யாரு? முட்டை, பயறு, ஓட்டம், எங்க அக்கான்னு அன்னைக்குச் சேர வந்த பொண்ணுகிட்ட சொல்லியிருக்கணும்டி!”

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது: “அதுக்காக அந்த மாவு நல்லதாயிடுமா?”

அக்கா ஓங்கிய கையை இறக்கினாள். வீட்டின் இன்னொரு சாவியைப் படுக்கையில் வீசினாள்.

“நான் இல்லாதப்போ வந்து ஆக்கிக்கோ. என் கண்ணுல மட்டும் பட்டுடாதே.”

அன்றிலிருந்து தங்கை மத்தியானத்தில் வந்து, பயறும் கீரையும் வேகவைத்து டப்பாக்களில் அடைத்து, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுப் போனாள். உடம்பு மெல்லத் தேறியது. ஒருநாள் மாடிப்படியில் இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள்.

“கேஸ் தீர்ந்துபோச்சு. நீதான் தீர்த்திருக்கே.”

“மாத்தி வைக்கிறேன்.”

“வை.”

அக்கா ஏறிப் போனாள், தங்கை இறங்கிப் போனாள். அந்த வருஷத்தில் அவர்கள் அதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.